எழுதாக் கணக்கு

(சிங்கப்பூரில் ஞாயிற்றுக்கிழமை நடந்த தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)

தலைவர் ஐயா அவர்களுக்கும், லீவு நாளை நமக்காக விட்டுக்கொடுத்து வந்திருக்கும் வழக்கறிஞர் அம்மாவுக்கும், மண்டபம் தந்த கோயில் நிர்வாகத்தாருக்கும், விடியுமுன் எழுந்து சாம்பார் சாதம் கிளறிய சமையல் தம்பிகளுக்கும் என் வணக்கம். தலைவர் ஐயாவைப் பற்றிச் சொல்லாமல் என்னால் பேச்சைத் தொடங்க முடியாது. இருபது வருஷத்துக்கு முன்னால் ஐந்து மாதச் சம்பளம் வராமல் லிட்டில் இந்தியா பக்கம் தேக்காவில் நின்றவன் நான். சாப்பாடு வாங்கிக் கொடுத்துவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, எத்தனை மணி நேரம் ஓடி (ஓவர்டைம்) பார்த்தாய், எங்காவது எழுதி வைத்திருக்கிறாயா?" என்னிடம் ஒன்றும் இல்லை. அந்தப் பணம் கடைசி வரை வரவில்லை. எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது என்று எங்கள் ஆத்தா சொல்லும், அதன் அர்த்தம் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

இன்றைக்கு மூன்று விஷயம் பேச வந்தேன். சம்பளம், வேலையில் அடிபட்டால் இழப்பீடு, பாஸ்போர்ட்.

முதலில் சம்பளம். முதலாளி மேல் கேஸ் போட்டால் வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் ஏது என்று நம் ஆட்கள் பயப்படுகிறார்கள். இங்கே சம்பள வழக்குக்கென்றே 2017 முதல் தனித் தீர்ப்பாயம் இருக்கிறது, அதில் இரண்டு பக்கமும் வக்கீல் வைக்கக் கூடாது. முதலாளியும் நீங்களும் நேருக்கு நேர்தான் பேச வேண்டும். அதற்கு முன்னால் டாடெம் என்கிற அமைப்பில் சமரசப் பேச்சு, அங்கே முடியாவிட்டால்தான் தீர்ப்பாயம். பொதுவாக 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை கேட்கலாம். தமிழ் இந்த நாட்டின் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று, அதனால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கூச்சப்படாமல் முதலிலேயே கேளுங்கள்.

ஆனால் புகார் கொடுக்கும் கெடு முக்கியம். வேலையில் இருந்துகொண்டே கேட்டால், சம்பளம் வரவேண்டிய நாளிலிருந்து ஒரு வருஷம். வேலையை விட்டுவிட்டால் கடைசி நாளிலிருந்து ஆறே மாதம். "அடுத்த மாசம் தருகிறேன்" என்று முதலாளி சொல்லச் சொல்ல அந்த ஆறு மாதம் ஓடிவிடும்.

மன்னார்குடிப் பக்கத்துத் தம்பி ஒருவன் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள். அவன் அறையில் மளிகைக் கடையில் கொடுத்த தினசரிக் காலண்டர் ஒன்று தொங்கியது. தினமும் ராத்திரி வந்து அன்றைய தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் எந்த சைட், எத்தனை மணிக்கு உள்ளே, எத்தனை மணிக்கு வெளியே, சூப்பர்வைசர் யார் என்று எழுதி ரப்பர் பேண்டு போட்டு வைப்பான். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒன்பது மாதம் ஓடி காசு வரவில்லை, பே ஸ்லிப்பில் ஓடி என்ற வரியே இல்லை. சமரசப் பேச்சில் கம்பெனி ஆள், "இவன் ஓடியே பார்த்ததில்லை" என்று சொன்னார். இவன் பையிலிருந்து அந்தக் காலண்டர் தாள் கட்டை எடுத்து மேசையில் வைத்தான். ராகுகாலம், எமகண்டம் எல்லாம் அச்சடித்த தாள்! அதிகாரி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, கம்பெனியின் டைம் கார்டைக் கொண்டுவரச் சொன்னார். தேதிகள் பொருந்தின. அன்று மாலையே கம்பெனி ஒப்பந்தத்துக்கு வந்தது. ஆனால் ஒன்பதில் ஏழு மாதத்துக்குத்தான் பணம். மீதி இரண்டு மாதத் தாளை யாரோ வடை எண்ணெய் ஒற்ற எடுத்துவிட்டார்கள். அந்த இரண்டு மாதத்தை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது, எழுதிய கணக்கையும் பத்திரமாக வைக்க வேண்டும்.

அதனால்தான் மூன்று வருஷமாக ஒரே விஷயத்தைக் கத்திக்கொண்டிருக்கிறேன்: ஒவ்வொரு டார்மிட்டரி அறையிலும் ஆளுக்கொரு நோட்டு இருக்க வேண்டும். 2016 முதல் பே ஸ்லிப் கொடுப்பது சட்டப்படி கட்டாயம்தான், ஆனால் அதில் தப்பு இருந்தால் எதை வைத்துக் காட்டுவீர்கள்? ஐபிஏ லெட்டரை, அதாவது வேலைக்கு வருமுன் சம்பளம் குறித்து வரும் முன் அனுமதிக் கடிதத்தை, படம் பிடித்து ஊரில் வீட்டுக்காரம்மாவுக்கு அனுப்பி வையுங்கள், போன் தொலைந்தாலும் அங்கே இருக்கும். ஓடிக்கு ஒன்றரை மடங்கு சம்பளம், அதை நீங்களே கணக்குப் போடுங்கள்.

விபத்து இழப்பீட்டைப் பற்றி வழக்கறிஞர் அம்மா என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். பாஸ்போர்ட் உங்களுடையது, கையில் வைத்துக்கொள்ளுங்கள். நேரம் ஆகிவிட்டது என்று தலைவர் ஐயா பார்க்கிறார்.

மேடைக்கு இடப்பக்கம் அட்டைப்பெட்டியில் இருநூறு நோட்டு இருக்கிறது, தேக்காவில் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் கொடுத்தது. சாப்பாட்டு வரிசைக்குப் போகுமுன் ஆளுக்கு ஒன்று எடுங்கள், முதல் பக்கத்தில் நேற்றைய வேலை நேரத்தை இங்கேயே எழுதிவிட்டுப் போங்கள். பேனா இல்லாதவர்கள் என்னிடம் வாங்க.