சிகரெட் பொட்டலத்துக்குள் ஒரு படம்

அனைவருக்கும் வணக்கம். என் கையில் இருப்பது, பழைய சிகரெட் பொட்டலத்துக்குள் வந்த ஒரு பட அட்டையின் நகல். நீளம் இரண்டே முக்கால் அங்குலம், அகலம் ஒன்றரை. பின்வரிசைக்காரர்கள் மன்னிக்க வேண்டும், அங்கிருந்து ஒன்றும் தெரியாது.

1880களின் அமெரிக்காவில் சிகரெட் மெல்லிய காகிதப் பொட்டலத்தில் விற்றது. பையில் வைத்தால் நசுங்கும். அதற்கு முட்டுக்கொடுக்கத்தான் அட்டை செருகினார்கள். வெற்று அட்டை ஏன் சும்மா போக வேண்டும் என்று அதில் படம் அச்சடித்தார்கள்.

ஆனால் படம் இந்த அளவுக்குப் பெருகியதற்குக் காரணம் ஓர் இயந்திரம். கைதேர்ந்த ஒருவர் நாளெல்லாம் சுருட்டினால் ஏறக்குறைய 3,000 சிகரெட். ஜேம்ஸ் பான்சாக்கின் இயந்திரமோ ஒரு நாளில் 1,20,000 தள்ளியது. 1884இல் டியூக் என்ற சிகரெட் கம்பெனி அதை ஓட்டத் தொடங்கியது. சரி, இத்தனையையும் யார் தலையில் கட்டுவது? விளம்பரம் அங்கேதான் அவசியமாகிறது.

ரிச்மண்ட் நகரத்து சிகரெட் கம்பெனியான ஆலன் அண்ட் ஜின்டர் 1887இல் ‘உலக சாம்பியன்கள்’ என்று 50 அட்டைகள் போட்டது. குத்துச்சண்டைக்காரர், படகோட்டி, துப்பாக்கி சுடும் ஆன்னி ஓக்லி எல்லாரும் உண்டு. கல்லில் படம் வரைந்து அதிலிருந்து அச்செடுக்கும் கல் அச்சு, ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல். லென்ஸ் வைத்துப் பார்த்தால் கன்னத்துச் சிவப்பு பொடிப்பொடிப் புள்ளிகளாகப் பிரியும். அழகுதான். ஆனால் வியாபார மூளை பின்பக்கத்தில் இருக்கிறது. 50 பெயர்களையும் வரிசையாக அச்சடித்திருப்பார்கள். உங்களிடம் எது இல்லை என்பதைக் கம்பெனியே உங்கள் கையில் எழுதிக் கொடுத்துவிடுகிறது!

1890இல் ஐந்து பெரிய கம்பெனிகள் அமெரிக்கன் டொபாக்கோ என்று ஒன்றாயின. போட்டி போயிற்று, அப்புறம் படங்களும் மெல்ல மறைந்தன. 1909இல் பேஸ்பால் வீரர்களோடு திரும்பி வந்தன. அதில் ஹோனஸ் வாக்னர் படம் சீக்கிரமே நிறுத்தப்பட்டது. சிறுவர்கள் புகையிலை வாங்க அது காரணமாகக் கூடாது என்று அவர் மறுத்தார் என்பார்கள். பணத் தகராறு என்பாரும் உண்டு. எனக்கு முதல் கதைதான் பிடிக்கும், அதனாலேயே அதன்மேல் கொஞ்சம் சந்தேகமும் உண்டு. 2022இல் ஒரு வாக்னர் அட்டை 72.5 லட்சம் டாலருக்குப் போனது.

அமெரிக்காவின் சிரக்யூஸ் நகரில் ஜெபர்சன் பர்டிக் என்ற தொழிற்சாலை ஊழியர் இருந்தார். அட்டைகளுக்கு முறையான பட்டியல் போட்டவர் அவர். வாக்னருக்கு அவர் குறித்த விலை 50 டாலர். தம்மிடமிருந்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அச்சுத் துண்டுகளை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டு, மூட்டுவாதம் பிடித்த கைகளால் அங்கேயே உட்கார்ந்து ஆல்பங்களில் ஒட்டினார். 1963 ஜனவரியில் வேலை முடிந்தது. மார்ச்சில் இறந்தார்.