சித்தப்பா கொடுத்த கரித்துண்டு

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, நாற்காலி கிடைக்காமல் நின்றபடியே கேட்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

‘பூமி சூடாவதற்குப் பெரிதும் காரணம் இயற்கையா, மனிதனா?’ இதுதான் தலைப்பு. மனிதனே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய ஐயா, “பனியுகம் முடிந்தபோது எந்த ஆலையில் புகை வந்தது?” என்று கேட்டார். நீங்களும் கைதட்டினீர்கள். நியாயமான கேள்விதான். பூமியின் சுற்றுப்பாதையும் சாய்வும் மெல்ல மெல்ல மாறித்தான் அந்தப் பனி உருகத் தொடங்கியது. ஆனால் ஐயா, அன்று ஐந்து டிகிரி அளவுக்குச் சூடேறப் பல ஆயிரம் ஆண்டுகள் பிடித்தன. இன்று ஒரு டிகிரிக்கு மேல் ஏறியதற்கு நூற்றைம்பது ஆண்டே போதுமானதாக இருந்திருக்கிறது.

அடுத்து சூரியன் மேல் பழி போட்டார்கள். 1978 முதல் செயற்கைக்கோள்கள் சூரியனை அளந்து வருகின்றன. பதினோரு ஆண்டுக்கு ஒரு சுற்றாக ஏறி இறங்குகிறதே தவிர, மொத்தத்தில் அதன் வெப்பம் கூடவில்லை. சூரியன்தான் காரணம் என்றால் வளிமண்டலத்தின் மேலடுக்கும் சேர்ந்தல்லவா சூடாக வேண்டும்? அங்கே குளிர்ந்துகொண்டிருக்கிறது. வெப்பத்தைக் கீழே பிடித்துவைக்கும் கார்பன் டை ஆக்சைடு கூடினால் அப்படித்தான் ஆகும்.

எரிமலையா? உலகத்து எரிமலைகள் எல்லாம் சேர்ந்து ஓர் ஆண்டில் விடும் கார்பன் டை ஆக்சைடு, நாம் விடுவதில் நூற்றில் ஒரு பங்குகூட வராது. 1991இல் பிலிப்பைன்ஸில் பினாடுபோ வெடித்தபோது உலகம் குளிரத்தான் செய்தது.

நடுவர் அவர்களே, இதோ என் கையில் இருப்பது நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி. சுரங்கத்தில் வேலை பார்த்த என் சித்தப்பா, ஓய்வுபெற்ற அன்று எனக்குக் கொடுத்தது. விளக்கொளியில் இப்படிச் சாய்த்துப் பாருங்கள், மரத்தின் நார் தெரியும். ஒரு காலத்தில் இது காடு.

உயிருள்ள மரத்தில், கார்பனிலேயே மெல்லச் சிதையும் ஒரு வகையான கார்பன்-14 துளியளவு இருக்கும். மரம் செத்தபின் அது 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த இந்தக் கரியில் அது மிச்சமே இல்லை. அப்படியானால் இதன் புகையிலும் இருக்காது. 1955இல் ஹான்ஸ் சூஸ் என்ற வேதியியலாளர், இருபதாம் நூற்றாண்டில் வளர்ந்த மரத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு மரத்தோடு ஒப்பிட்டு எழுதினார். புது மரத்தில் கார்பன்-14 குறைந்திருந்தது. நாம் எரித்த கரியின் புகையை அந்த மரம் காற்றிலிருந்து இழுத்துத் தன் உடம்பிலேயே எழுதி வைத்திருந்தது!

“எரிமலை வாயுவிலும் கார்பன்-14 கிடையாதே” என்று எதிரணியில் யாராவது எழுந்திருக்கலாம். அதற்குக் கார்பனின் இன்னொரு வகையான, சிதையாத கார்பன்-13 பதில் சொல்லும். செடிகொடிகள் அதைக் குறைவாகவே எடுத்துக்கொள்ளும், அதனால் நிலக்கரியிலும் அது குறைவு. இன்று காற்றிலும் அதன் பங்கு குறைந்துகொண்டே வருகிறது. எரிமலை வாயுவால் அது இப்படிக் குறையாது.

ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் 1958இல் அளக்கத் தொடங்கியபோது, காற்றின் பத்து லட்சம் மூலக்கூறுகளில் சுமார் 315 கார்பன் டை ஆக்சைடு. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. அண்டார்டிகப் பனிக்குள் சிக்கிய காற்றுக் குமிழிகள் எட்டு லட்சம் ஆண்டுக் கணக்கை வைத்திருக்கின்றன. தொழிற்புரட்சிக்கு முன்னால் அது 300ஐ நெருங்கியதுண்டே தவிர, ஒருமுறைகூட அதைத் தாண்டிப் போனதில்லை.

ஒன்றை மனம்விட்டுச் சொல்ல வேண்டும். மனிதன் என்று நான் சொல்லும்போது, இந்தக் கரியை வெட்டியெடுத்த சித்தப்பாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. அவர் சம்பளத்தில் படித்தவன் நான். இதுவரை உலகம் எரித்துக் கொட்டிய கார்பன் டை ஆக்சைடில் ஏறத்தாழ கால் பங்கு அமெரிக்கா ஒன்றின் கணக்கில் நிற்கிறது. ஒற்றை விசிறியோடு படுத்துறங்கும் குடும்பத்துக்கும் அதற்கும் ஒரே தட்டு வைக்க முடியாது. ஆளுக்கொரு பங்கு உண்டு, அளவு வேறு. ஆனால் ‘இயற்கை’ என்று சொல்லிவிட்டால் அத்தனை பேரும் ஒரே நிமிடத்தில் விடுதலையாகிவிடுகிறோம். அதனால்தான் இந்தக் கேள்வியை விட மனம் வரவில்லை.

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துக்கொள்கிறேன். இந்தக் கரித்துண்டை உங்கள் மேஜையில் வைக்கிறேன். தீர்ப்புச் சொல்வதற்கு முன் ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். நன்றி, வணக்கம்.