ஒரு மூஸ், இருபத்தாறு நாள்

அவையோருக்கு வணக்கம்.

சாலை போய்ச் சேராத அலாஸ்காவின் உட்பகுதியில், பிள்ளைகுட்டியோடு நிலத்தை நம்பிக் குடும்பம் நடத்துவது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இந்தப் பேச்சை எடுத்தாலே முதலில் எழும் கேள்வி கரடி. அதை இப்போதே முடித்துவிடலாம். இறைச்சியையும் மீனையும் வீட்டிலிருந்து தள்ளி, உயரமான மரக்கால்கள் மேல் கட்டிய பரண் அறையில் வைக்க வேண்டும். எந்த விலங்கும் ஏறாதபடி கால்களில் தகரம் சுற்ற வேண்டும். மீன் கழிவை வாசலில் போடக்கூடாது. பெர்ரி பறிக்கப் பிள்ளைகளைத் தனியே அனுப்பக்கூடாது. கரடிக்கு இவ்வளவு போதும். அங்கே போனவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு திரும்புவது பெரும்பாலும் கணக்குத் தப்புவதால்தான்.

கணக்கைப் பார்ப்போம். அப்பா, அம்மா, பத்து வயதில் ஒன்று, ஆறு வயதில் ஒன்று. விறகு வெட்டி, தண்ணீர் சுமந்து, குளிரில் வேலை செய்யும் இந்த நான்கு பேருக்கு ஒரு நாளைக்கு 9,000 கலோரி என்று வையுங்கள். வருடத்துக்கு ஏறத்தாழ 33 லட்சம். மூஸ் என்பது மான் குலத்திலேயே பெரியது. நல்ல ஆண் மூஸ் ஒன்றை வெட்டிச் சுத்தம் செய்தால் 500 பவுண்டு, அதாவது 227 கிலோ கறி கிடைக்கும். பார்ப்பதற்கு மலை மாதிரி இருக்கும். ஆனால் மூஸ் கறி 100 கிராமில் சுமார் 100 கலோரிதான். மொத்தம் 2.3 லட்சம். அந்தக் குடும்பத்துக்கு 26 நாள்.

உருளைக்கிழங்குக்கு வருவோம். ஆறு சென்ட் நிலத்தில் நன்றாக விளைந்தால் 500 கிலோ. அது 43 நாள். சம் வகை சால்மன் மீன் 200 பிடித்தால் சதை மட்டும் 400 கிலோ தேறும். அது 53 நாள். 50 கிலோ பெர்ரி மூன்று நாளைக்குக்கூட வராது. எல்லாவற்றையும் கூட்டினால் நான்கு மாதம். அதுவும் எல்லாமே கைகூடி வந்த ஆண்டில்.

இது நாம் கூட்டிக் கழித்த கணக்கு மட்டுமில்லை. அலாஸ்கா அரசின் மீன், வேட்டைத் துறை 2012ஆம் ஆண்டுக்கான கணக்கில், கிராமப்புறத்தார் ஆளுக்கு 295 பவுண்டு காட்டு உணவு எடுத்தார்கள். எடைப்படி அதில் பாதிக்கு மேல் மீன். புரதத் தேவையைத் தாண்டி வரும் அந்த உணவு, கலோரித் தேவையில் கால் பங்கைத்தான் நிரப்பியது. தலைமுறை தலைமுறையாக அங்கே இருப்பவர்களுக்கே இவ்வளவுதான் என்றால், புதிதாகப் போகிறவர் நிலம் முழுதும் சோறு போடும் என்று நம்பிப் போகக்கூடாது.

மிச்சம் எட்டு மாதத்துக்கு என்ன செய்வது? மாவும் அரிசியுமாக 360 கிலோ, எண்ணெயும் கொழுப்பும் 60 கிலோ, பயறு 50 கிலோ, சர்க்கரை 40 கிலோ. இது விமானத்தில் வர வேண்டும். செஸ்னா 206 போன்ற சிறு விமானம் ஒரு நடைக்கு 400 கிலோவுக்குள்தான் சுமக்கும். ஆக, சாப்பாட்டுக்கு மட்டுமே இரண்டு நடை.

கொழுப்பை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், கொழுப்பில்லாத வெறும் கறியைத் தின்று மனிதன் பிழைக்க முடியாது. உடலால் புரதத்திலிருந்து எடுக்க முடிகிற ஆற்றலுக்கு வரம்பு உண்டு. மொத்தக் கலோரியில் 35, 40 சதவீதத்துக்கு மேல் போனால் குமட்டல், வயிற்றுப்போக்கு, தீராத பசி. வட துருவப் பயணி ஸ்டெஃபான்சன் இதை முயல் பட்டினி என்று எழுதிவைத்தார். வயிறு நிறைய முயல் கறி இருக்கும், ஆள் இளைத்துக்கொண்டே போவார். முயலுக்கு இன்னொரு குணமும் உண்டு: பத்து ஆண்டுக்கு ஒருமுறை கூட்டம் பெருகிச் சரியும். சரிந்த வருடத்தில் கண்ணி வைத்தாலும் வெறும் கண்ணிதான். அதனால்தான் அங்குள்ளவர்கள் கொழுப்பு மிக்க பீவர் என்ற நீர்க் கொறிவிலங்குக்கும், இலையுதிர் காலத்தில் கொழுத்த கருங்கரடிக்கும் மதிப்புத் தருகிறார்கள். மூஸைக்கூட இணைசேரும் பருவம் உச்சத்துக்கு வருமுன், செப்டம்பரிலேயே எடுத்துவிடப் பார்ப்பார்கள். அந்தப் பருவத்தில் ஆண் மூஸ் தீனியை மறந்து சண்டைக்கு அலையும். முதுகுக் கொழுப்பு கரைந்துவிடும், கறியும் நாறும்.

இந்தக் கணக்கில் மீன் என்று எழுதினோமே, அதையும் உறுதியாக எழுத முடியாது. யூகான் ஆற்றில் சால்மன் வரத்து சரிந்ததால் 2021 கோடையில் சினூக், சம் என்ற இரண்டு சால்மன் வகைகளையுமே வீட்டுத் தேவைக்குப் பிடிக்கவும் தடை வந்தது. 2024இல் அலாஸ்காவும் கனடாவும் சினூக் மீன்பிடிப்பை ஏழு ஆண்டுக்கு நிறுத்த ஒப்புக்கொண்டன. ஆற்றங்கரையில் பல தலைமுறையாக மீன் உலர்த்திய அத்தபாஸ்கன் பழங்குடிக் குடும்பங்களுக்கே பரண் காலி. நம் நான்கு பேர் கணக்கில் சால்மனை அடித்துவிட்டால் இன்னும் 130 கிலோ மாவு ஏற்ற வேண்டும். இதை வசந்தத்திலேயே தெரிந்துகொண்டு ஏற்றாதவர் பிப்ரவரியில் தெரிந்துகொள்வார்.

வெளியிலிருந்து ஒன்றுமே வராமல் வாழ்ந்து காட்டியவர்கள் உண்டா என்று கேட்கலாம். உண்டு. சைபீரியாவில் லைக்கோவ் குடும்பம், மத ஒடுக்குமுறைக்குத் தப்பி 1936இல் அபகான் ஆற்றுக் காட்டுக்குள் போனது. 1978இல் நிலவியல் குழு ஒன்று கண்டுபிடிக்கும்வரை வெளியுலகத் தொடர்பே இல்லை. இரண்டு பிள்ளைகள் அந்தக் காட்டிலேயே பிறந்தார்கள். அவர்களை முதலில் தோற்கடித்தது பாத்திரம். கொண்டுபோன இரும்புக் கெண்டிகள் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டன. பிர்ச் மரப்பட்டையில் செய்த பாத்திரத்தை அடுப்பில் ஏற்ற முடியாது. 1961 ஜூனில் பனி கொட்டித் தோட்டம் முழுதும் போயிற்று. பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுத்துத் தாய் அகுலினா பட்டினியால் இறந்தார். அதற்குப் பிறகு தற்செயலாக முளைத்த ரை என்ற தானியத்தின் ஒற்றைச் செடியை இரவும் பகலும் எலியிடமிருந்து காத்து, அதன் 18 மணிகளிலிருந்து பயிரை மீட்டார்கள். இதை வீரக்கதையாகச் சொல்கிறவர்கள் உண்டு. விதையை இரண்டு இடத்தில் பிரித்து வைக்க வேண்டும், பாத்திரமும் ஊசியும் கோடரியும் இரட்டையாக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

இப்போது பதப்படுத்துவது. இதில் நிதானமாக நிற்க வேண்டும். தவறினால் குடும்பமே போகும். குளிர் இறங்கிவிட்டால் பரணே உறைபெட்டி. ஆனால் செப்டம்பரில் அடித்த மூஸுக்கு இன்னும் குளிர் வந்திருக்காது. ஒரு பகுதியை மெல்லிய நீளத் துண்டுகளாக அறுத்துப் புகையில் உலர்த்துவார்கள், நம்மூர் உப்புக்கண்டம் போல. மிச்சம் கண்ணாடி ஜாடிக்குப் போகும். அங்கேதான் போட்டுலிசம் என்ற, உயிரையே வாங்கும் உணவு நஞ்சு காத்திருக்கிறது. அதை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் 100 டிகிரிக் கொதிநீரில் சாகாது. 116 டிகிரி வேண்டும். அதற்கு அழுத்தம் வேண்டும். ஜாடிகளை இதற்கென்றே உள்ள பெரிய அழுத்தக் கலத்தில் அடுக்கி மூடி, முதலில் பத்து நிமிடம் ஆவியை வெளியே விட்டுக் காற்றை விரட்ட வேண்டும். காற்று உள்ளே இருந்தால் அழுத்தமானி சரியாகக் காட்டினாலும் வெப்பம் குறைவாகவே இருக்கும். பிறகு எடைக்கல் போட்டு, சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு அழுத்தத்தில் இறைச்சிக்கு, அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவான பைன்ட் ஜாடி என்றால் 75 நிமிடம், அதைப் போல இரண்டு மடங்கான குவார்ட் ஜாடி என்றால் 90 நிமிடம். மீனுக்கு பைன்ட் ஜாடியே 100 நிமிடம். 1,000 அடி உயரத்துக்கு மேல் வீடு இருந்தால் 15 பவுண்டு எடை. நடுவில் அழுத்தம் குறைந்தால், நேரத்தை முதலிலிருந்து எண்ண வேண்டும். விறகு அடுப்பில் இதுதான் சோதனை. ஒருவர் அடுப்பை விட்டு நகரவே கூடாது. நம் வீட்டுக் குக்கர் போதாதா என்றால் போதாது. அது சீக்கிரம் சூடாகிச் சீக்கிரம் ஆறிவிடும், கணக்குப் போட்ட நேரம் அதற்குப் பொருந்தாது. திறந்த ஜாடியைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்துச் சாப்பிடுவது கூடுதல் காவல். மூடி உப்பியிருந்தால் பிள்ளைக்கும் வேண்டாம், நாய்க்கும் வேண்டாம்.

மீன் தலையைப் புளிக்கவைத்து உண்பது அங்குள்ள பழைய வழக்கம். புல் பரப்பிய குழியில் செய்தவரை ஆபத்து குறைவு. பிளாஸ்டிக் வாளியில் இறுக மூடி வைக்கத் தொடங்கியபோதுதான் சிக்கல் பெருகியது. காற்றில்லாத வாளி அந்தக் கிருமிக்குத் தொட்டில். கரடிக் கறியில் டிரிக்கினெல்லா புழு இருக்கும். வடக்கத்திப் புழு உறைபனியிலும் சாகாது. நடுக்கறி 74 டிகிரி தொடும்வரை வேகவேண்டும்.

வீடு எங்கே கட்டுவது? மரத்தைப் பாருங்கள். குட்டையாக, கோணலாக நிற்கும் கருப்பு ஸ்ப்ரூஸும் காலடியில் மெத்தென்ற பாசியும் இருந்தால் கீழே நிரந்தர உறைமண். அந்தப் பாசியைச் சீவி வீடு கட்டினால், வீட்டுச் சூடே மண்ணை உருக்கும். சில ஆண்டில் கதவு மூடாது, தரை ஒருபுறம் சாயும். தெற்குப் பார்த்த சரிவில் பிர்ச்சும் ஆஸ்பனும் நிற்கும் இடமே நல்ல இடம். சந்தேகம் இருந்தால் ஆகஸ்ட் கடைசியில் இரும்புக் கம்பியை மண்ணில் இறக்கிப் பாருங்கள். எங்கே முட்டுகிறதோ அங்கே பனி. தண்ணீர் பக்கம் என்று ஆற்றின் விளிம்பிலும் கட்டக்கூடாது. பனி உடையும்போது பாளங்கள் அணைபோல் அடைத்துக்கொண்டு, 2009இல் ஈகிள் ஊரையும் 2013இல் கலேனாவையும் வெள்ளம் புரட்டிப் போட்டது.

விறகு அளக்கும் அளவு கார்டு: நான்கடி அகலம், நான்கடி உயரம், எட்டடி நீளம். சிறு மரவீட்டுக்கே ஒரு குளிர்காலத்துக்கு எட்டிலிருந்து பத்துக் கார்டு. மார்ச்சில், தரையில் பனி இருக்கும்போதே வெட்டி இழுத்துவர வேண்டும். பிர்ச் கட்டையைப் பிளக்காமல் விட்டால் பட்டை ஈரத்தைப் பூட்டிவைத்து உள்ளே மக்கிவிடும். ஈர விறகைப் போட்டு, இரவெல்லாம் காற்றை அடைத்துப் புகைய விட்டால் புகைபோக்கியில் கரிப்பிசின் படியும். ஒருநாள் அது பற்றும். மைனஸ் 40 டிகிரியில் வீடு எரிந்தால் உயிரோடு வெளியே வந்தும் பயனில்லை. ஆகவே தீ எட்டாத தூரத்தில் ஒரு சிறு குடிசை, அதில் அடுப்பு, தீப்பெட்டி, ஆளுக்கொரு தூக்கப்பை, பிள்ளைகள் அளவுக்குக் காலணி, பத்து நாள் உணவு. குளிர்காலம் தொடங்குமுன் முடித்துவைக்க வேண்டிய முதல் வேலை இதுதான். பலர் கடைசியில் செய்கிறார்கள், அல்லது செய்வதேயில்லை.

பிரசவம். ஆறு உறையும் அக்டோபர், நவம்பரிலும், உடையும் ஏப்ரல் கடைசி, மே மாதத்திலும் சில வாரங்களுக்குப் படகும் ஓடாது, பனிவண்டியும் ஓடாது. மிதவை விமானமும் இறங்காது, பனிச்சறுக்கு விமானமும் இறங்காது. கிராமத்துப் பெண்களே 36ஆம் வாரத்தில் மருத்துவமனை உள்ள ஊருக்குப் போய்விடுகிறார்கள். அதற்காக பெத்தல் நகரில் கர்ப்பிணிகள் தங்கும் விடுதியே இருக்கிறது. மே நடுவில் நாள் என்றால் ஏப்ரல் முதல் வாரத்துக்குள் கிளம்பியாக வேண்டும். வலி வந்த பிறகு கிளம்பலாம் என்பது அங்கே செல்லாது.

பிள்ளைகளின் உடுப்பில் ஒரே விதி: நமக்கு உயிரான பருத்தி அங்கே எமன். வியர்வையில் நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளே கம்பளி, மேலே காற்று புகாத துணி. மூக்கு நுனியிலோ கன்னத்திலோ வெண்மையாகத் திட்டுத் தெரிந்தால் தேய்க்காதீர்கள், பனியை வைத்து ஒருபோதும் தேய்க்காதீர்கள். வெறும் உள்ளங்கையை வைத்து மூடுங்கள். விரல் உறைந்திருந்தால் 37 முதல் 39 டிகிரி வெந்நீர். மறுபடி உறைய வாய்ப்பிருக்கும் இடத்தில் உருக்கவே கூடாது, சேதம் இரட்டிப்பாகும். டிசம்பர் பிற்பாதியில் ஃபேர்பேங்க்ஸ் நகரிலேயே பகல் நான்கு மணி நேரத்துக்கும் குறைவு. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு வைட்டமின் டி சொட்டு 400 யூனிட் தினமும் வேண்டும்.

படிப்பு பெரிய சிக்கலில்லை. அலாஸ்காவில் அஞ்சல்வழிப் பள்ளி 1939இலிருந்தே உண்டு. பாடமெல்லாம் குளிர்காலத்துக்கு, கோடை வேலைக்கு. இலவச நிலம் என்ற பேச்சு மட்டும் பழங்கதை. 1976இல் அதற்கான சட்டம் நீங்கி, அலாஸ்காவுக்குத் தந்த நீட்டிப்பும் 1986இல் முடிந்தது. ரொக்கத்துக்கு, எண்ணெய் வருவாயிலிருந்து மாநிலம் தரும் ஆண்டுப் பங்குத்தொகை குழந்தைக்கும் சேர்த்து வரும். 2022இல் தலைக்கு 3,284 டாலர், அடுத்த ஆண்டே 1,312. விமான வாடகையை அதை நம்பிப் போட்டவர்கள் திணறினார்கள்.

கடைசியாக மருந்துப் பெட்டி. பிள்ளைகளின் எடையைச் சுவரில் எழுதிவைத்து மாதம் ஒருமுறை திருத்துங்கள். காய்ச்சல் மருந்தின் அளவு வயதைப் பார்த்து அல்ல, எடையைப் பார்த்துத்தான். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், தீப்புண்ணுக்குக் கட்டு, எலும்பு முறிவுக்குச் சிம்பு, பல்லில் அடைப்பு பெயர்ந்த குழிக்குத் தற்காலிக அடைப்பு. மருத்துவர் எழுதித் தந்த நுண்ணுயிர்க்கொல்லியை, எப்போது தொடங்குவது என்ற குறிப்போடு வையுங்கள். செயற்கைக்கோள் செய்திக் கருவி இரண்டு. ஒன்று வீட்டில், ஒன்று வெளியே போகிறவர் சட்டையின் உள்பையில், ஏனென்றால் குளிரில் மின்கலம் சீக்கிரம் படுத்துவிடும். ஆறு வயதுப் பிள்ளைக்கும் அதில் உதவிப் பொத்தான் எது என்று தெரிந்திருக்க வேண்டும். பெரியவர்கள் இருவரும் விழுந்து கிடக்கும் நாளில் அதை அழுத்த வேறு ஆள் இல்லை.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.