அந்தப் பின்பக்க அறை

வணக்கம். பழைய கட்டடங்களைச் சோதித்துப் பார்த்து, இது நிற்குமா நிற்காதா என்று எழுதிக் கொடுப்பது என் தொழில். அதனால் நான் ஒரு கட்டடத்துக்குள் நுழைந்தாலே அங்கிருப்பவர்கள் முகம் மாறிவிடும், இவன் வந்துவிட்டுப் போனால் அடுத்தது ஜேசிபிதான் என்று. பழைய பள்ளிக்கூடமும் அதை ஒட்டியிருக்கும் இளைஞர் மன்றமும் இடிபடும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். பேசுகிறேன். நான் செய்த ஒரு தப்பும் அதில் வரும்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், நான் இடிப்பதற்கு எதிரி கிடையாது. சில கட்டடங்களை இடித்தே ஆகவேண்டும். இங்கிலாந்தில் 1950களிலிருந்து பல பள்ளிகளுக்குக் காற்றுக் குமிழி நிறைந்த ஒருவகை இலேசான கான்கிரீட் பலகையைக் கூரையில் போட்டார்கள். மலிவு, தூக்கி வைக்கச் சுலபம். 2018ல் ஒரு தொடக்கப்பள்ளியில் அந்தக் கூரையின் ஒரு பகுதி அப்படியே கீழே வந்தது. வாரக் கடைசி, பிள்ளைகள் இல்லை, பிழைத்தார்கள். அப்புறம் 2023 ஆகஸ்ட் கடைசியில், பள்ளி திறக்கச் சில நாட்களே இருக்கும்போது, நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் அந்தக் கூரை உள்ள பகுதிகளை மூடச் சொல்லி அரசு உத்தரவு போட்டது. அந்த மாதிரி ஒரு கூரைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு பழமையைக் காப்போம் என்று யாராவது பேசினால் நான் முதல் ஆளாக எழுந்து போய்விடுவேன்.

ஆனால் எல்லா விரிசலும் அப்படியில்லை. கூரையில் கான்கிரீட் உதிர்ந்து கம்பி வெளியே தெரிகிறது என்றால் பார்ப்பவர்களுக்குக் கட்டடம் செத்துவிட்டது மாதிரி இருக்கும். நடந்திருப்பது இதுதான்: நல்ல கான்கிரீட்டுக்கு ஒரு காரத்தன்மை உண்டு, அது உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கும். காற்றிலுள்ள கரியமில வாயு வருடக்கணக்கில் உள்ளே இறங்க இறங்க அந்தக் காரம் குறையும், ஈரமும் சேர்ந்தால் கம்பி துருப்பிடிக்கும், துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், அந்தப் பிதுக்கல் தாங்காமல்தான் கான்கிரீட் தெறித்து விழுகிறது. எவ்வளவு கம்பி மிச்சம் இருக்கிறது என்று பார்த்து, துருவைச் சுரண்டி, தேவையானால் புதுக் கம்பி சேர்த்துப் பூசி, இன்னும் பல வருடம் ஓட்டிய கட்டடங்களை எனக்குத் தெரியும். கம்பி பாதியாக இளைத்துப் போயிருந்தால் அந்தப் பேச்சே வேண்டாம், இடித்துவிடலாம். பார்க்காமல் எப்படித் தெரியும்?

சுவர் விரிசலும் அப்படித்தான். படிக்கட்டு மாதிரி செங்கல் ஓரமாகவே ஏறிப் போகும் விரிசல் இருந்தால் அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கியிருக்கலாம். ஏன் இறங்கியது என்று தேடிக்கொண்டு போனால், பாதி நேரம் மூலையில் ஒரு மழைநீர்க் குழாய் உடைந்து, தண்ணீர் முழுக்க அதே இடத்தில் ஊறிக்கொண்டிருக்கும். விரிசலின் குறுக்கே ஒரு சின்னக் கண்ணாடித் துண்டை ஒட்டி, தேதி எழுதிவிட்டு வருவது எங்கள் பழைய வித்தை. சில மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் கண்ணாடி உடைந்திருக்கிறதா இல்லையா என்பதே பதில் சொல்லிவிடும். இதற்கெல்லாம் பொறுமை வேண்டும். கோப்பு நகர்கிற அவசரத்தில் பெரும்பாலும் கண்ணாடி ஒட்டுவதற்கே நேரம் கொடுக்க மாட்டார்கள்.

சரி, என் தப்புக்கு வருகிறேன்.

ஒரு பழைய பள்ளிக்கூடம். எந்த இடம் என்பது வேண்டாம். நீளமான வகுப்பறை வரிசை, அதன் கடைசியில் ஒட்டிக்கொண்டு பின்பக்கமாக ஓர் அறை. அந்த அறைதான் இளைஞர் மன்றம். உள்ளே ஒரு டேபிள் டென்னிஸ் மேசை, இரண்டு பெஞ்சு, பூட்டில்லாத ஓர் இரும்பு அலமாரி, அவ்வளவுதான் சொத்து. வகுப்பறைகளின் நிலைமை மோசம், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. ஆனால் பள்ளிச் சுவரும் மன்றத்துச் சுவரும் சேரும் இடத்தில் தரையிலிருந்து கூரை வரை நூல் பிடித்த மாதிரி நேராக ஒரு பிளவு ஓடியது, விரல் நுழையும் அகலத்துக்கு. தலைமையாசிரியர் அதைக் காட்டி, "சார், இதுதான் ரொம்பப் பயமாக இருக்கிறது" என்றார். அது விரிசலே இல்லை. இரண்டு கட்டடத்தை வெவ்வேறு காலத்தில் கட்டினால் இடையில் விடும் இடைவெளி அது. அதாவது, பின்பக்க அறை தனி அஸ்திவாரத்தில் தன்பாட்டுக்கு நிற்கிறது. பள்ளியை இடித்தாலும் அது நிற்கும். அங்கே நின்றபோதே எனக்கு இது தெரிந்துவிட்டது. அறிக்கை எழுதும்போது பன்னிரண்டு பக்கம் பள்ளியைப் பற்றி எழுதிவிட்டு, மன்றத்துக்கு ஒரே ஒரு வரி போட்டேன்: "பின்புற இணைப்புக் கட்டடம், மேற்கண்டவாறே." என்னைக் கேட்டது பள்ளியைப் பற்றி, நான் எழுதியதும் பள்ளியைப் பற்றி. அந்த ஒரு வரியை வைத்து இரண்டையும் சேர்த்து டெண்டர் விட்டுவிட்டார்கள்.

இதில் எனக்குப் பின்னால் புரிந்த விஷயம் ஒன்று உண்டு. பள்ளிக்கூடத்துக்கு வருகைப் பதிவேடு இருக்கிறது. இத்தனை பிள்ளைகள், இத்தனை வகுப்பு, இவர்களை எங்கே உட்கார வைப்பது என்று யாராவது பதில் சொல்லியே ஆகவேண்டும், ஒரு ஷெட்டாவது போடுவார்கள். மன்றத்துக்குப் பதிவேடு கிடையாது. சாயங்காலம் வருகிற பையன்களும் பெண்களும் எத்தனை பேர் என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. காகிதத்தில் இல்லாதவர்களுக்கு மாற்று இடம் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது, தோன்றினாலும் எந்தத் தலைப்பில் பணம் ஒதுக்குவது?

அந்த மாதிரி அறை போனால் என்ன ஆகும் என்பதற்கு லண்டனில் ஒரு கணக்கு இருக்கிறது. 2010க்கும் 2019க்கும் நடுவில் அங்கே ஏறத்தாழ 30 சதவீத இளைஞர் மன்றங்கள் மூடப்பட்டன. இன்ஸ்டிட்யூட் ஃபார் ஃபிஸ்கல் ஸ்டடீஸ் என்ற ஆய்வு நிறுவனம் 2024ல் அதை எடுத்துப் பார்த்தது. நடந்து போகும் தூரத்தில் இருந்த மன்றத்தை இழந்த பிள்ளைகளின் தேர்வு மதிப்பெண் இறங்கியது, அவர்கள் குற்றத்தில் மாட்டும் வாய்ப்பு 14 சதவீதம் கூடியது. மூடி மிச்சம் பிடித்த ஒவ்வொரு பவுண்டுக்கும் சமூகத்துக்கு ஏறத்தாழ 3 பவுண்டு செலவு என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஒரு மேசை, இரண்டு பெஞ்சு!

இடிக்கும் முறையைப் பற்றியும் கொஞ்சம். மின்சாரம், தண்ணீர், எரிவாயு இணைப்புகளை முதலில் துண்டிக்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை இருந்தால் உடைக்கவே கூடாது, நனைத்து முழுத் தகடாகக் கழற்றி இறக்க வேண்டும், அதன் தூசு நுரையீரலுக்குள் போனால் இருபது முப்பது வருடம் கழித்துக்கூடப் புற்றுநோயாக வரும். அப்புறம் கதவு, ஜன்னல், உத்தரம் எல்லாவற்றையும் கையால் எடுப்பது. அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரம் மிகப் பழைய வீடுகளை இயந்திரத்தால் நொறுக்கக் கூடாது, பிரித்துத்தான் எடுக்க வேண்டும் என்று 2016லேயே விதி கொண்டுவந்தது. மரத்துக்காக மட்டும் சொல்லவில்லை. ஓக்லஹோமா நகரில் ஒரு பள்ளியில் 2015ல் புதுப்பலகை மாட்டப் பழைய கரும்பலகையைக் கழற்றினார்கள், பின்னால் இன்னொரு கரும்பலகை. அதில் 1917ல் எழுதிய பாடம் அப்படியே இருந்தது, பெருக்கல் கணக்கு, வண்ணச் சுண்ணத்தில் வரைந்த படங்கள் எல்லாம், நேற்று மணியடித்த மாதிரி. இயந்திரம் முதலில் போயிருந்தால் அது சுண்ணாம்புத் தூளோடு தூளாகப் போயிருக்கும்.

என் பள்ளியில் இயந்திரம்தான் முதலில் போனது. அன்றைக்கு நான் அங்கே போயிருந்தேன், போயிருக்க வேண்டாம். பையன்கள் நான்கு பேர் அந்த மேசையைத் தூக்கிக்கொண்டு வந்து வெளிச்சுவர் ஓரமாக வைத்தார்கள். ஒருவன் வலையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தான். என்னை அதிகாரி என்று நினைத்துக்கொண்டு, "சார், இதை எங்கே கொண்டுபோய் வைக்கிறது?" என்று கேட்டான். கேட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தான்.

இப்போது என் அறிக்கைகளில் கூடுதலாக ஒரு பக்கம் வைக்கிறேன். கட்டடத்தில் எந்த அறையை யார், எந்த நேரத்தில் பயன்படுத்துகிறார்கள், இடித்தால் அவர்கள் எங்கே போவார்கள், அந்த இடம் என்றைக்குத் தயாராகும் என்று. சாயங்காலம் போய் உட்கார்ந்து தலைகளை எண்ணி எழுதுகிறேன், அதற்குக் கட்டணம் எல்லாம் கிடையாது. கடைசியாகக் கொடுத்த அறிக்கையைப் படித்துவிட்டு ஓர் அலுவலகத்திலிருந்து போன் வந்தது, "சார், பதிமூன்றாம் பக்கம் வேறு ஏதோ கோப்பிலிருந்து மாறி வந்துவிட்டது போலிருக்கிறது, எடுத்துவிடலாமா?" என்று.

வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.

வணக்கம்.