என் வாதம் நினைவு மலருக்கே

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். தொண்ணூறு வயது தாண்டி வாழ்ந்து மறைந்த ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியையை, பிள்ளைகளையும் வளர்த்து ஆளாக்கிய ஒரு தாயை, ஊர் மறக்காமல் வைத்திருக்க உதவுவது அறக்கட்டளைப் பரிசா, நினைவு மலரா? எதிரணி நண்பர், 50,000 ரூபாயை வங்கியில் போட்டு, வட்டியில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பரிசு கொடுத்தால் ஆண்டுதோறும் அம்மா பெயர் ஒலிக்கும் என்றார். ஒலிக்கட்டும். முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

6 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 3,000 ரூபாய். மூன்று பிள்ளைகளுக்குப் பரிசு, தலைமை தாங்குபவருக்கு ஒரு சால்வை, டீ, வடை. தீர்ந்தது! வங்கிக் கணக்கைப் பார்ப்பவர் பள்ளித் தலைமையாசிரியர். அவர் மாறுதலில் போகிறார். கையெழுத்து மாற்ற யாரும் வங்கிக்குப் போவதில்லை. வைப்பு ரசீது பீரோவில் தூங்குகிறது. பத்தாண்டு கேட்பாரற்றுக் கிடக்கும் தொகை ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். திரும்பப் பெற வழி உண்டு, போய்க் கேட்க ஆள் வேண்டுமே! சரி, பரிசு ஒழுங்காகவே நடக்கிறது என்று வையுங்கள். பரிசு வாங்கும் பிள்ளையிடம் கேளுங்கள், சான்றிதழில் இருக்கும் பெயர் யாருடையது என்று.

மலர் என்றதும் நண்பர் நினைப்பது, பதினாறாம் நாளுக்குள் அடித்துப் பந்தியில் கொடுக்கும் புத்தகத்தை. நாற்பது பேர் எழுதியிருப்பார்கள், நாற்பதிலும் 'அன்பே உருவானவர்'. அதை நானும் எதிர்க்கிறேன். ஓராண்டுத் திதிக்கு வெளியிடுங்கள். வேலை அவ்வளவு இருக்கிறது.

தேதிகளுக்குப் பிள்ளைகளின் ஞாபகத்தை நம்பாதீர்கள். பணிப்பதிவேட்டின் நகல் வீட்டில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் வட்டாரக் கல்வி அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள். ஓய்வூதிய ஆணை எப்படியும் வீட்டில் இருக்கும். பதிவேட்டுப் பிறந்த நாள் ஒன்று, சாதகத்தில் ஒன்று என்றால் இரண்டையும் போடுங்கள். ஓய்வு பெற்ற நாளிலும் ஒரு வில்லங்கம் உண்டு. கல்வியாண்டின் நடுவில் ஓய்வு வயது வந்தால், ஆண்டு முடியும் வரை மறுநியமனம் தருவார்கள். ஆகவே ஆணையில் உள்ள தேதிக்குப் பிறகும் அவர் வகுப்பெடுத்திருப்பார்.

அதே பதிவேட்டில், இரண்டு மாறுதல்களுக்கு நடுவே ஒற்றை வரி கிடக்கும்: மகப்பேறு விடுப்பு. இன்று 12 மாதம். 2011 வரை தமிழ்நாட்டில் 90 நாள்தான். மூன்று மாதக் குழந்தையை யாரிடம் விட்டுவிட்டு அவர் பள்ளிக்குப் போனார்? இதைக் கேட்காத மலர் மலரே அல்ல. ஆசிரியை என்று ஒரு பகுதி, அம்மா என்று ஒரு பகுதி பிரித்தால் இந்தக் கேள்வி எழவே எழாது. ஆண்டு வரிசையில் அடுக்குங்கள், தானாக எழும். இந்த வேலையை எந்தப் பரிசு செய்யும், நடுவர் அவர்களே?

மாணவர்களிடம் 'டீச்சரைப் பற்றிச் சொல்லுங்கள்' என்றால் புகழ்ச்சிதான் வரும். அணாக் கணக்கு சொல்லிக்கொடுத்தவர் 1957-இல் நயாபைசா வந்ததும் என்ன செய்தார்? 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. அதுவரை பழைய லை, னை எழுதிப் பழகிய கைகளை எப்படித் திருப்பினார்? கோவைக்கொடி இலையும் அடுப்புக்கரியும் அரைத்துக் கரும்பலகைக்குப் பூசியது யார் யார்? இப்படிக் கேட்டால் எழுபது வயதுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்து பேசுவார். பேச்சைக் கைப்பேசியில் பதியுங்கள். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க நாலைந்து மணி நேரமாவது பிடிக்கும்.

குழுப்படத்தை 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கி, அச்சில் முகம் குழம்பிவிடும். டாகுமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். படத்தின் மேல் டிரேசிங் தாள் வைத்து ஒவ்வொரு தலைக்கும் எண் போட்டால் கடைசி வரிசைப் பெயர்களும் கிடைக்கும். பின்பக்கம் பேனாவால் எழுதினால் மை முன்பக்கம் கசியும். மென்மையான பென்சில் போதும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து வந்த கட்டுரையை யூனிகோடுக்கு மாற்றும்போது நடுவில் உள்ள ஆங்கிலச் சொற்களெல்லாம் பொருளற்ற தமிழெழுத்தாகிவிடும். மெய்ப்பை இருவர் பார்க்கட்டும், ஒருவராவது குடும்பத்துக்கு வெளியாளாக இருக்கட்டும். குடும்பத்தார் கண்ணுக்குப் பிழை தெரியாது, அம்மாதான் தெரிவார்.

பக்கம் 16-இன் மடங்காக அமைந்தால் தாள் வீணாகாது. பதினாறு பக்கம் ஒரு ஃபாரம்; 64 பக்கம் என்றால் நான்கு ஃபாரம், நடுவில் பின் அடித்தால் போதும். நண்பரின் 50,000 ரூபாயை அச்சகத்தில் வைத்து எத்தனை படி கிடைக்கும் என்று கேளுங்கள். வந்தவற்றில் அவர் வேலை பார்த்த பள்ளி ஒவ்வொன்றுக்கும் இரண்டு, ஊர் நூலகத்துக்கு ஒன்று, சென்னை கன்னிமாரா நூலகத்துக்கு ஒன்று கொடுங்கள். மீதி, பேசியவர்கள் வீட்டுக்கு.