டீட்ரிஷ்: பெயரில் அரசன், கதையில் அகதி

நண்பர்களே, டீட்ரிஷ் என்ற ஜெர்மானிய ஆண் பெயரைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். பழைய ஜெர்மானிய இனங்களில் ஒன்றான கோத்தியரின் மொழியில் 'தியுதா' என்றால் மக்கள், 'ரீக்ஸ்' என்றால் ஆள்பவன். இரண்டும் சேர்ந்தால் மக்களை ஆள்பவன். ஜெர்மானியர் தங்கள் மொழியை 'டாய்ட்ஷ்' என்கிறார்களே, அதுவும் இந்தத் தியுதாவின் வேரில் பிறந்ததுதான், மக்கள் பேசுவது என்று அர்த்தம். டிர்க், டெரிக், பிரெஞ்சுக்காரர்களின் தியரி எல்லாம் டீட்ரிஷின் உடன்பிறப்புகள்.

சரி, இந்தப் பெயரைப் புகழ்பெறச் செய்தவர் யார்? கோத்தியரில் ஒரு பிரிவான கிழக்குக் கோத்தியரின் அரசர் தியோடரிக். டீட்ரிஷின் இன்னொரு வடிவம்தான் தியோடரிக். 489இல் இத்தாலிக்குள் படையோடு நுழைந்து, அங்கே ஆண்டுகொண்டிருந்த ஓடோவாக்கரை ரவென்னாவில் முற்றுகையிட்டு, இருவரும் சேர்ந்தே ஆளலாம் என்று 493இல் ஒப்பந்தமும் செய்துவிட்டு, சில நாளிலேயே விருந்தில் வைத்துத் தன் கையாலேயே அவரை வெட்டிக் கொன்றார். அப்புறம் 526இல் சாகும்வரை இவருடைய ஆட்சிதான்.

ஆனால் பழைய ஜெர்மன் கதைப்பாடல்களில் எல்லாம் தலைகீழ். அங்கே அவர் 'பெர்னின் டீட்ரிஷ்'. பெர்ன் என்பது சுவிட்சர்லாந்து ஊர் இல்லை, இத்தாலியின் வெரோனா. சொந்த நாட்டிலிருந்து துரத்தப்பட்டு, ஹூணர் அரசன் அட்டிலாவிடம் அடைக்கலம் புகுந்தவர். நிஜத்தில் அட்டிலா 453இல் இறந்துவிட்டான், தியோடரிக் பிறந்ததே ஏறக்குறைய அப்போதுதான். அட்டிலாவின் கீழ் போரிட்டவர் அவருடைய அப்பா.

கொன்றவர் எப்படித் துரத்தப்பட்டவர் ஆனார்? எனக்குத் தோன்றுவது இதுதான்: கதையை இப்படி மாற்றிவிட்டால் அது படையெடுப்பே இல்லை, பறிபோன வீட்டுக்குத் திரும்பி வருவது. புதிதாய் வந்து ஒரு நாட்டைப் பிடித்த கூட்டத்துக்கு அப்படி ஒரு கதை வேண்டியிருந்திருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது 9ஆம் நூற்றாண்டில் ஏட்டில் ஏறிய ஒரு பழைய ஜெர்மன் பாட்டு. டீட்ரிஷோடு ஊரைவிட்டுப் போன ஹில்டபிரண்ட் முப்பது ஆண்டு கழித்துத் திரும்புகிறான், எதிர்ப்படையில் அவன் விட்டுப்போன மகனே நிற்கிறான். அப்பன் தங்கக் காப்பைக் கழற்றி நீட்டுகிறான். மகன் நம்பவில்லை, 'என் அப்பா இறந்துவிட்டார், நீ சூழ்ச்சிக்காரக் கிழட்டு ஹூணன்' என்கிறான். சண்டை தொடங்கி, கேடயங்கள் சிதறுகின்றன. ஒரு சமயநூலின் முதல் பக்கத்திலும் கடைசிப் பக்கத்திலும் இருந்த வெற்றிடத்தில் எழுதிய பாட்டு அது. இடம் தீர்ந்து, அங்கேயே நின்றுவிட்டது.