அடுத்த வேளைச் சோறு

(கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஆசிரியர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் குழந்தை நல மருத்துவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம்.

"இந்தக் காலத்துல யாரும்மா பட்டினி கிடக்குறாங்க? ரேஷன்ல அரிசி சும்மா கிடைக்குது, ஸ்கூல்ல காலையிலயும் மதியமும் சாப்பாடு போடுறாங்க. இன்னும் ஏன் பசி பசின்னு பேசிக்கிட்டு?" இதை என்னிடம் கேட்காத ஆள் குறைவு. முன் வரிசையில் இருப்பவர்களிலேயே இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள், பெயர் சொல்ல மாட்டேன். கேள்வியில் நியாயம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசிக்குக் காசு கிடையாது. அடுப்பே பற்றாத வீடு நம் மாவட்டத்தில் முன்பு போல இல்லை. ஆனால் வயிறு நிறைந்துவிட்டால் மூளைக்கு வேண்டியது போய்ச் சேர்ந்துவிட்டது என்று ஆகாது. இன்றைக்குச் சோறு இருக்கிறது என்பதற்காக நாளைக்கும் இருக்கும் என்ற நிம்மதி வந்துவிடாது.

மூளை பெரிய தீனிக்காரன். பெரியவர்களின் உடல் எடையில் அது சுமார் 2 சதவீதம்தான், ஆனால் உடல் செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு இந்தப் பங்கு இன்னும் அதிகம். சும்மா இருக்கும்போது உடல் செலவிடும் சக்தியில் பாதிக்கு மேல் மூளைக்கே போகிறது. ஒன்றாம் வகுப்பில் கைகட்டி உட்கார்ந்திருக்கும் பிள்ளை உங்கள் கண்ணுக்குத்தான் சும்மா இருக்கிறது.

சக்தியைச் சோறு தந்துவிடும். இரும்புச்சத்தைத் தராது. என்னிடம் வரும் அம்மாக்கள் வழக்கமாகச் சொல்வது இது: "நல்லாத்தான் சாப்புடுது டாக்டரம்மா, மூணு வேளையும் சோறு தின்னுது. படிப்புதான் ஏறமாட்டேங்குது." பிள்ளையின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தால் சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெளுத்திருக்கும். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் சோறு, ரசம், அப்பளம். சாயங்காலம் டீயில் நனைத்த பொறை. அந்த டீயைச் சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால், சோற்றிலும் கீரையிலும் இருந்த கொஞ்சநஞ்ச இரும்பையும் உடம்பு எடுத்துக்கொள்ள விடாது.

2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. பெண்களில் 53 சதவீதம். இதை வெறும் சோர்வு என்று தள்ளிவிட முடியாது. கைக்குழந்தைப் பருவத்தில் மூளை நரம்புகளுக்கு உறை போடும் வேலைக்கும், கவனத்தையும் ஆர்வத்தையும் நடத்தும் டோபமின் என்ற வேதிப்பொருளுக்கும் இரும்பு வேண்டும். கோஸ்டா ரிக்கா நாட்டில் கைக்குழந்தையாக இருந்தபோது கடுமையான இரும்புக் குறைபாடு இருந்த பிள்ளைகளுக்கு மருந்து கொடுத்து, பதின்வயது தாண்டும்வரை தொடர்ந்து பார்த்தார்கள். இரத்தம் தேறியது. அறிவுச் சோதனைகளில் மற்றப் பிள்ளைகளை அவர்கள் எட்டிப் பிடிக்கவில்லை. அதனால்தான் மாத்திரையைப் பள்ளியில் ஆரம்பிப்பதைவிடக் கர்ப்பத்தில் ஆரம்பியுங்கள் என்று தொண்டை வறளக் கத்துகிறோம்.

இங்கே ஒரு வேடிக்கையும் சொல்ல வேண்டும். செறிவூட்டிய ரேஷன் அரிசியில் நூறு மணிக்கு ஒரு மணி என்ற கணக்கில் ஒரு தனி அரிசி கலந்தார்கள். அரிசி மாவோடு இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துப் பிழிந்தெடுத்த மணி அது. பார்க்கக் கொஞ்சம் நிறம் மாறியிருக்கும், தண்ணீரில் போட்டால் மிதக்கும். உடனே "பிளாஸ்டிக் அரிசி" என்று வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில் பார்த்தேன், அந்த அம்மா முறத்தில் அரிசியைப் பரப்பி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்த ஒரு மணியை மட்டும் தேடித் தேடிப் பொறுக்கிக் கோழிக்குப் போட்டுக்கொண்டிருந்தார். கோழிக்கு இரத்தசோகை வராது, அது நிச்சயம். திட்டத்தைக் கொண்டுவந்தவர்கள் ரேஷன் கடை வாசலில் நின்று ஒரு வாரம் விளக்கியிருந்தால் அந்த முறத்துக்கு வேலை இருந்திருக்காது.

உப்பைப் பற்றி ஒரே வார்த்தை. "கடல் உப்புலயே அயோடின் இருக்குமே" என்று மரக்காணம் பக்கம் சொல்வார்கள். இல்லை. உப்பளத்திலிருந்து வரும் கல்லுப்பில் அயோடின் இருப்பது பெயருக்குத்தான். கர்ப்பிணிக்கு அயோடின் போதாமல் போனால் பிறக்கும் குழந்தையின் அறிவு வளர்ச்சி குறையும். மீன் குழம்புக்குக் கல்லுப்புதான் ருசி என்றால், அயோடின் கலந்த கல்லுப்பே கடையில் இருக்கிறது, பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.

சரி, கொடுத்தால் பலன் உண்டா? குவாத்தமாலாவில் 1969 முதல் 1977 வரை நான்கு கிராமங்களில் ஒரு சோதனை நடந்தது. இரண்டு கிராமங்களில் பிள்ளைகளுக்குப் புரதம் சேர்த்த கஞ்சி, கிட்டத்தட்ட நம் அங்கன்வாடிச் சத்துமாவுக் கஞ்சி மாதிரி. மற்ற இரண்டில் புரதம் இல்லாத இனிப்புப் பானம். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து குடும்பம் குட்டி ஆன பிறகு மறுபடி தேடிப் போய்ப் பார்த்தார்கள். மூன்று வயதுக்குள் கஞ்சி குடித்தவர்கள் வாசிப்பில் தேறியிருந்தார்கள். ஆண்களின் மணிக்கூலி 46 சதவீதம் கூடுதலாக இருந்தது. மூன்று வயதுக்கு மேல் ஆரம்பித்தவர்களின் கூலியில் அந்தப் பலன் தெரியவில்லை. அங்கன்வாடி அக்காமார்களே, சத்துமாவு பாக்கெட்டை வீட்டில் மாட்டுக்குக் கரைத்து ஊற்றுகிறார்கள் என்று நீங்கள் சலித்துக்கொள்வது எனக்குத் தெரியும். அடுத்த முறை இந்தக் கூலிக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள்.

இனி நான் அதிகம் பேச வந்த விஷயம். பசி அறிவைக் குறைக்கிறது என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் 36 இளைஞர்கள் தாங்களாகவே முன்வந்து ஆறு மாதம் அரை வயிறு உண்டார்கள். எடையில் கால்வாசி போனது. அறிவுச் சோதனை வைத்தால் மதிப்பெண் பெரிதாகக் குறையவில்லை. ஆனால் புத்தகத்தில் மனம் நிற்கவில்லை என்றார்கள். எந்நேரமும் சாப்பாட்டுப் பேச்சு, சமையல் புத்தகத்தைக் கதைப் புத்தகம் போலப் படிப்பது. அறிவு இருந்த இடத்திலேயே இருந்தது. அதைச் சாப்பாட்டு நினைப்பு குத்தகைக்கு எடுத்துக்கொண்டது.

அடுத்த ஆய்வு நம் பக்கத்து ஊரில் நடந்தது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்பும் பின்பும் சோதித்து 2013இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். படவரிசையில் விடுபட்டதைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். '5 5 5' என்று காட்டி, எத்தனை எண் என்று கேட்டார்கள். மூன்று என்று சொல்ல வேண்டும், வாய் ஐந்து என்று வரும். அதே ஆள், அறுவடைப் பணம் வந்த பிறகு நன்றாகச் செய்தார். வருவதற்கு முன் தடுமாறினார். நான் திரும்பத் திரும்ப யோசிப்பது இதைத்தான்: அறுவடைக்கு முன் அவர்கள் சாப்பாட்டுச் செலவை ஏறக்குறைய குறைக்கவே இல்லை. பெரும்பாலோர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள். வயிறு காயவில்லை, தலைக்குள் வட்டிக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் இப்படிச் சோதித்த வேறொரு குழுவுக்கு வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாதக் கடைசியும் கரும்புப் பணத்துக்காக ஆண்டெல்லாம் காத்திருப்பதும் ஒன்றாகாது என்பது என் அபிப்பிராயம். நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு ஏற்றியவர்கள் இங்கே இருந்தால், அவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அடுத்த வேளைச் சோற்றுக்கு உறுதி இல்லாத நிலையை, அதாவது உணவுப் பாதுகாப்பின்மையை, அளக்க ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு எட்டுக் கேள்விகள் வைத்திருக்கிறது. முதல் கேள்வி, சாப்பாடு போதாமல் போகுமோ என்று கவலைப்பட்டீர்களா என்பது. நாள் முழுக்கப் பட்டினியா என்பது எட்டாவதாகத்தான் வருகிறது. வடலூரில் வள்ளலார் 1867இல் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது என்று பெருமைப்படுகிறோம். பசி வந்தால் மனம் சிதறும், புத்தி கெடும் என்று அவரே வரிசையாக எழுதியிருக்கிறார். எந்த நாள் போனாலும் சோறு உண்டு, யாரையும் கெஞ்ச வேண்டாம் என்ற உறுதி அந்த அடுப்பில் இருக்கிறது. காலை உணவுத் திட்டத்திலும் எனக்குப் பெரிதாகத் தெரிவது உப்புமாவின் கலோரி இல்லை. பிள்ளைக்கு விடிந்ததும் என்ன கொடுப்பது என்ற நினைப்பு அம்மாவை விட்டுப் போகிறதே, அதுதான்.

புதுச்சேரியில் ரேஷன் அரிசிக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் போட்டார்கள். 2024இல் மறுபடி கடையில் அரிசி வந்தது. பணம் நல்லதா அரிசி நல்லதா என்று பொருளாதாரம் படித்தவர்கள் விவாதிக்கட்டும். பாகூர் பக்கத்து அம்மா ஒருவர் சொன்னது எனக்குப் போதும்: "காசு வந்தா எந்தக் கடனுக்குப் போவும்னு தெரியாது. அரிசி வந்தா அரிசிதான்."

இப்போது நம் கடற்கரைக்கு வருகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். விசைப்படகுகள் துறைமுகத்தில் கட்டிக்கிடக்கும். ஃபைபர் படகுகள் போகலாம்தான். ஆனால் ஐஸ் உடைப்பவர், பெட்டி ஏற்றுபவர், மீன் தரம் பிரிக்கும் பெண்கள், இவர்களுக்கு வேலை படுத்துவிடும். அரசின் தடைக்கால நிவாரணம் மீனவக் குடும்பத்துக்கு வரும். மீனவர் பட்டியலில் இல்லாத கூலிக்காரருக்கு வராது. பள்ளிக்கூடம் எப்போது பூட்டுகிறது? ஏப்ரல் கடைசியில். திறப்பது ஜூனில். அதாவது வீட்டில் வருமானம் நிற்கிற அதே மாதங்களில் காலை உப்புமாவும் மதியச் சோறும் முட்டையும் சேர்ந்தே நிற்கின்றன. யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை. இரண்டு துறை, இரண்டு நாட்காட்டி.

வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004இலேயே உத்தரவிட்டது. மழை பொய்த்தால் வயல்காரருக்கு என்ன நேருமோ அதுதான் தடைக்காலத்தில் இந்தக் கூலிக்காரர்களுக்கும். தேவனாம்பட்டினம், தாழங்குடா, சிங்காரத்தோப்பு, எங்கும் பள்ளிகளில் சமையல்கூடம் இருக்கிறது, பாத்திரம் இருக்கிறது. ஒரு பள்ளியைத் திறந்து வைத்தால் நாலு தெருப் பிள்ளைகள் சாப்பிடும்.

ஊராட்சியாக இருக்கும் குப்பங்களில் தடைக்காலத்தில் பள்ளிச் சமையல்கூடத்தைத் திறந்து பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டும் என்று மார்ச் 22 கிராம சபையிலேயே தீர்மானம் போடுங்கள். மே 1 சபைக்குத் தள்ளினால் அதற்குள் தடைக்காலத்தில் கால்வாசி போய்விடும். மாநகராட்சிக்குள் இருப்பவர்கள் கவுன்சிலரிடம் எழுத்தில் கொடுத்து, வாங்கியதற்குக் கையெழுத்து வாங்குங்கள். தலைமை ஆசிரியர்கள் எத்தனை பிள்ளைகள் என்று பெயர்ப் பட்டியல் எடுத்துக் கொடுத்தால் போதும், மனுவை நானே எழுதித் தருகிறேன்.